நாற்று முடியைத் தாண்டிப் போனவள்

கடந்த புரட்டாசியில் ஒரு வாரம் தஞ்சாவூர், குடவாசல் பக்கம் போய் வந்தேன். கோயில் பார்க்கவோ சாப்பாட்டுக் கடை தேடவோ போகவில்லை. நடவு பார்க்கப் போனேன். அதிலும் நடவைப் பார்க்க அல்ல, நடுகிறவர்கள் பேசுவதைக் கேட்க. குழப்பமாக இருக்கிறதா? எனக்கும் அப்படித்தான் இருந்தது, இப்போதும் அப்படித்தான் இருக்கிறது. ஆகவே இந்தப் பதிவில் தெளிவை எதிர்பார்க்க வேண்டாம். பஸ், ஆட்டோ, கட்டணம் இவை மட்டும் சரியாக இருக்கும்.

காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வயது முப்பத்து நான்கு. வேலை பார்த்துக்கொண்டே ‘பண்பாடுகளுக்கிடையேயான தொடர்பாடலும் மொழிக் கல்வியும்’ என்ற முதுகலைப் படிப்பில் சேர்ந்தேன். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் வேறு பேச்சுக்குப் போய்விடுவார். சித்தப்பா ஒருவர் மட்டும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இத படிச்சா என்ன வேல கெடைக்கும்?” என்றார். இப்போது பார்க்கிற வேலைதான் என்றேன்.

படிப்பின் கடைசிக் கட்டம் ஆய்வேடு. டெல்டாவில் இப்போது நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து ஆண்கள் குழுவாக வருகிறார்கள். அவர்களுக்கு யாரும் தமிழ் வகுப்பு எடுக்கவில்லை. இங்குள்ள விவசாயிகளுக்கு வங்காளம் தெரியாது. இருந்தும் வேலை நடக்கிறது. எப்படி நடக்கிறது என்று பதிவு செய்து, புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு சின்னத் தமிழ்ப் பாடப் புத்தகம் தயாரிப்பதுதான் என் திட்டம். அதற்குக் குறைந்தது எட்டுப் பேர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, ஒலிப்பதிவுக்குச் சம்மதிக்க வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை கால நீட்டிப்பு வாங்கிவிட்டேன், இன்னொன்று கிடையாது. இந்த நடவைத் தவறவிட்டால் இரண்டு வருஷப் படிப்பு போச்சு.

படிவத்தில் நானே எழுதிய ஒரு வரி உண்டு. ‘பங்கேற்பாளர்களுக்குப் பணமோ பொருளோ வழங்கப்படமாட்டாது.’ கிளம்புவதற்கு முதல் நாள் என் நெறியாளர் போனில் அதையே அழுத்திச் சொன்னார். “ஒரு ரூபா கை மாறினாலும் அந்தப் பேட்டி செல்லாதும்மா. ஞாபகம் வெச்சுக்கோங்க.” ஞாபகம் வைத்துக்கொண்டேன். பிரச்சினையே அதுதான்.

திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு எழும்பூரில் பகல் ரயில் ஏறினேன். உட்காரும் வகுப்பு, நூற்று நாற்பது ரூபாய்ச் சொச்சம். டெல்டா என்றால் தஞ்சாவூர் என்று மண்டையில் பதிந்திருந்ததால் தஞ்சாவூருக்கு டிக்கெட் எடுத்திருந்தேன். மதியம் இறங்கி, எனக்கு உதவுவதாகச் சொல்லியிருந்த விவசாயி ஆரோக்கியராஜுக்குப் போன் செய்தேன். (பெயர்கள் எல்லாம் மாற்றியவை. ஊர்ப் பெயரையும் எழுத முடியாது. பல்கலைக்கழக விதி.)

“தஞ்சாவூர்லயா எறங்குனீங்க? கும்பகோணத்துலயே எறங்கியிருக்கலாமே மேடம். நாப்பது கிலோமீட்டர் தாண்டிப் போயிட்டீங்க.”

அதே ரயில் கும்பகோணத்தில் ஐந்து நிமிஷம் நின்றது. அங்கே ஜன்னல் வழியாகக் காபி வாங்கிக் குடித்தேன். நீங்கள் குடவாசல் பக்கம் போவதாக இருந்தால் காபியோடு இறங்கிவிடவும். நான் அன்று தஞ்சாவூரிலேயே தங்கி, வங்காளத்தில் மொழிபெயர்த்து வைத்திருந்த படிவத்தை முப்பது பிரதி எடுத்தேன். ஜெராக்ஸ் கடைக்காரர் எழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது எந்தப் பக்கம் மேல?” என்று கேட்டார். எனக்கும் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. பெரிய கோயிலைப் பார்த்தீர்களா என்று கேட்காதீர்கள். பஸ்ஸிலிருந்து கோபுரம் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை காலை புதிய பேருந்து நிலையத்திலிருந்து கும்பகோணம், முப்பத்திரண்டு ரூபாய், ஒன்றே கால் மணி நேரம். லாட்ஜ் ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம். கொசுவலை கேட்டால் தருவார்கள், கேட்காவிட்டால் இருப்பதாகவே காட்டிக்கொள்ள மாட்டார்கள். அங்கிருந்து குடவாசல் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். டவுன் பஸ் என்றால் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. குடவாசலிலிருந்து ஊருக்கு ஐந்து கிலோமீட்டர், ஆட்டோ நூறு ரூபாய். ஆட்டோ ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“நடவு பாக்கவா சென்னையிலேர்ந்து வர்றீங்க? யூடியூபா?”

“இல்லைங்க, படிப்பு.”

“வெவசாயப் படிப்பா?”

“மொழி சம்பந்தப்பட்டது.”

“நடவுல மொழி எங்கங்க இருக்கு?” என்றார். உண்மையாகவே அறிய ஆசைப்பட்டுத்தான் கேட்டார்.

ஆரோக்கியராஜுக்கு ஐம்பது வயது இருக்கும். மாதா கோயில் தெருவில் வீடு. சொந்தமாகக் கொஞ்சமும் குத்தகைக்குக் கொஞ்சமும் வைத்துப் பயிர் செய்கிறார். வாய்க்காலில் தண்ணீர் முறை வருவதற்குள் நடவை முடித்தாக வேண்டும் என்ற பரபரப்பில் இருந்தார். என்னை மோட்டார் கொட்டகை வரைக்கும் கூட்டிப்போய், குழுத் தலைவர் சுபோலை அறிமுகப்படுத்தினார். முப்பது வயதுக்காரர், ஒல்லி, முழங்கால் வரை சேறு. ஆறு வருஷமாக நடவுக்கு வருகிறாராம். குழுவில் அவரோடு சேர்த்துப் பதினொரு பேர்.

“இன்னும் ஒம்போது மா கெடக்கு. சனிக்கிழமைக்குள்ள முடிச்சுருவாங்க. ஞாயித்துக்கிழம ரயிலு” என்றார் ஆரோக்கியராஜ்.

எனக்கு ‘மா’ புரியவில்லை. ஹெக்டேர் தெரியும், ஏக்கர் தெரியும், சதுர அடி நன்றாகவே தெரியும். நான் விழிப்பதைப் பார்த்து சுபோல்தான் விளக்கினார். “மூணு மா ஒரு ஏக்கர், அக்கா. இருவது மா ஒரு வேலி.” மொழிக் கல்வி படிக்கிற தமிழச்சிக்கு வங்காளி தமிழ்நாட்டு நில அளவு சொல்லிக்கொடுத்தார். நோட்டில் எழுதிக்கொண்டேன். மறுநாள் வயலுக்கு வந்து பேச சுபோல் சம்மதித்தார். எல்லாம் இவ்வளவு சுலபமா என்று சந்தோஷமாகவே லாட்ஜுக்குத் திரும்பினேன்.

புதன்கிழமை காலை பத்தரை. ஆரோக்கியராஜ் டீசல் வாங்கக் குடவாசல் போயிருந்தார். நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, தோளில் பையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக, முதல் தடவையாக வரப்பில் ஏறினேன். வரப்பு என்றால் ஒற்றையடி அகலம், இரண்டு பக்கமும் சேறு. நடந்து பழக்கமில்லாதவர்கள் கையை விரித்துக்கொண்டு நடக்கவும், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை.

பாதி தூரம் போனபோது இரண்டு பேர் சேற்றிலிருந்து ஏறி வந்தார்கள். ஒருவர் கையில் நாற்று முடி, அதாவது நடுவதற்காகப் பறித்துக் கைப்பிடியளவு கட்டிய நாற்று. அதை என் காலுக்கு முன்னால் வரப்பில் வைத்தார். இரண்டு பேரும் கைகூப்பினார்கள். வயலில் மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து என்னையே பார்த்தார்கள். சுபோலும்தான். எல்லார் முகத்திலும் சிரிப்பு.

“காசு, அக்கா” என்றார் வைத்தவர்.

பேட்டிக்குக் காசு கேட்கிறார்கள். நெறியாளர் குரல் காதில் கேட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பையிலிருந்து படிவத்தை எடுத்தேன். வங்காளம் எனக்குத் தெரியாது, ஆனால் முக்கியமான வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தேன். பணமோ பொருளோ வழங்கப்படமாட்டாது என்ற வரியை, பதினொரு பேருக்கும் கேட்கும்படி, வாய்விட்டு வங்காளத்தில் படித்தேன். படித்துவிட்டு, மரியாதையாகச் சிரித்துவிட்டு, நாற்று முடியைத் தாண்டி அந்தப் பக்கம் போனேன்.

வைத்தவர் முடியை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கிவிட்டார். எல்லோரும் குனிந்தார்கள். அதுவரை வயலில் கேட்டுக்கொண்டிருந்த பேச்சு நின்றுபோனது. பதினோரு மணிக்கு டீ வந்தபோது சுபோலிடம் போய் உட்கார்ந்தேன். “டைம் இல்ல மேடம்” என்றார். நேற்று அக்கா, இன்று மேடம். இந்த மாற்றத்தை மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டேன். ஏன் என்று எழுத இடம் விட்டிருந்தேன், அது காலியாகவே இருந்தது.

வியாழக்கிழமையும் அதே கதை. கேட்டால் டைம் இல்லை, சிரித்தால் சிரிப்பு, அதற்கு மேல் ஒன்றுமில்லை. நான் படித்த கோட்பாடுகளை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுப் பார்த்தேன். சொல்லாமல் உணர்த்தும் பண்பாடு, சொல்லிப் புரியவைக்கும் பண்பாடு, அதிகார இடைவெளி. எதுவும் பொருந்தவில்லை, அல்லது எல்லாம் பொருந்தியது. படிவத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார்களோ என்று படிவத்தை ஒளித்தேன். அடையாள அட்டையைக் கழற்றினேன். ஆரோக்கியராஜிடம் கேட்டால் அவர் வேறு பக்கம் இழுத்தார்.

“ஆதார் கீதார் எதும் கேட்டீங்களா மேடம்? கேட்டா அப்படித்தான், பயந்துக்குவாங்க.”

“இல்லைங்க, நான் எதுவுமே கேக்கல.”

“அப்ப ஏன் பேச மாட்டேங்கிறாங்க?” என்று என்னையே கேட்டுவிட்டு நீர் பார்க்கப் போய்விட்டார். நாற்று முடி விஷயத்தை நான் அவரிடம் சொல்லவில்லை. அதை நான் சரியாகக் கையாண்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது?

அன்று மதியம் கும்பகோணம் வரை போய் ரசகுல்லா டின் ஒன்று வாங்கி வந்தேன். வங்காளிகள், ஆகவே ரசகுல்லா. இரண்டு வருஷம் இந்தப் படிப்பு படித்தவள் எடுத்த முடிவு அது. (சிற்றுண்டி ‘பொருள்’ ஆகுமா ஆகாதா என்று பஸ்ஸில் ஒரு மணி நேரம் யோசித்தேன்.) சுபோல் டின்னைப் பார்த்து, “எனக்கு சுகர், மேடம்” என்றார். மற்றவர்கள் ஆளுக்கு ஒன்று மரியாதைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் வாய்க்கால் பக்கம் போய்த் துப்பியதை நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மா போன் செய்தார். அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரத்தநாட்டுப் பக்கத்து ஊர்க்காரர். இருபது வயது வரை கூலி நடவுக்குப் போனவர். பிறகு நர்ஸ் படிப்பு, சென்னை, அரசு மருத்துவமனை வேலை, ஓய்வு. நடவுக்குப் போனது எனக்குத் தெரியும். ஆனால் வீட்டில் அந்தப் பேச்சு வந்ததில்லை. அம்மா எடுத்ததில்லை, நானும் கேட்டதில்லை. இந்த ஆய்வுக்காக நூறு கட்டுரை படித்தேன், அடுப்படியில் இருந்தவரிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. அதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

யாரும் பேசவில்லை, படிப்பு போய்விடும் போலிருக்கிறது என்று புலம்பினேன். புலம்பலில் நாற்று முடியும் வந்தது.

அம்மா இடைமறித்தார். “இரு. முடிய ஒன் கால்ல வச்சு கும்புட்டாங்களா?”

“ஆமா.”

“நீ எம்புட்டு குடுத்த?”

“குடுக்கலம்மா. குடுக்கக் கூடாது. தாண்டிப் போயிட்டேன்.”

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவியை அம்மா நிறுத்தினார்.

“தாண்டுனியா?”

அதற்குப் பிறகு அம்மா பேசியதை அப்படியே எழுதுகிறேன். “மலரு, வரப்புல புதுசா யாரு வந்தாலும் நாத்து வச்சு கேக்குறது வழக்கம்டி. பிச்ச இல்ல அது. எங்க வயலுக்கு வந்துருக்கீங்க, எங்கள பாருங்கங்கிறதுதான். அஞ்சோ பத்தோ, குடுத்தா சந்தோசம், அன்னைக்கி முழுக்க அவங்களப் பத்தித்தான் பேச்சு. பண்ண வீட்டுப் புள்ள ஒருத்தரு காலேஜு முடிச்சுட்டு வந்தாரு. நான்தான் வச்சேன். தாண்டிப் போயிட்டாரு. அன்னைக்கி நான் நட்ட வரிசை எல்லாம் கோணலு, திட்டு வாங்குனேன்.”

“மத்தவங்க குடுப்பாங்களா?”

“குடுப்பாங்க. கையில குடுக்க மாட்டாங்க. வரப்புல வச்சுட்டு தள்ளி நிப்பாங்க. அவங்க நகந்தப்பறம் நாங்க எடுத்துக்கணும். யாரும் கையில குடுத்ததில்ல.” கடைசியாக, “நீ அதும் செய்யல” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

எனக்கு அழுகை வந்தது. அம்மாவை நினைத்து வந்ததா, என்னை நினைத்து வந்ததா, ஆய்வேட்டை நினைத்து வந்ததா என்று கேட்டால் தெரியாது. பக்கத்து அறையில் கேட்டுவிடுமோ என்று மின்விசிறியை வேகமாக வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை நெறியாளரைப் பிடித்தேன். கதையைக் கேட்டுவிட்டு, “ரொம்ப நல்லா இருக்கு, எழுதுங்க. ஆனா பணம் குடுத்தா அந்தக் குழுவோட பேட்டிய சேர்க்க முடியாது” என்றார். கொடுக்காவிட்டால் அவர்கள் பேசமாட்டார்களே என்றேன். “அது உங்க சங்கடம்தான், புரியுது” என்றார். புரிந்து என்ன பிரயோஜனம்? வங்காளிகளுக்கு நம் ஊர் நடவுப் பெண்களின் வழக்கம் தெரிந்திருக்கிறது. நடவுப் பெண்ணின் மகளுக்குத் தெரியவில்லை. இதில் இரண்டு பண்பாடுகள் எவை, இடையில் நிற்பது யார் என்று ஒரு படம் வரைய முயன்று தாளைக் கசக்கிப் போட்டேன். மழை வேறு பிடித்துக்கொண்டது. அன்று மதியம் வரை நடவு இல்லை.

ஒரு வழியாக முடிவு செய்தேன். ஆய்வு போனாலும் போகட்டும், கொடுத்துவிடுவோம். ஆரோக்கியராஜிடம் நடந்ததைச் சொல்லி, ஐந்நூறு ரூபாயை எடுத்து, “இதை அவங்ககிட்ட குடுத்துருங்க” என்றேன். அவர் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு முகம் மாறியது.

“தாண்டியா போனீங்க? அய்யய்யோ. அத மொதல்லயே சொல்லக் கூடாதா? நான் ஆதார் கீதாருன்னு கண்டதையும் நெனச்சுட்டு இருந்தேன்.” நோட்டை வாங்கவில்லை. “இப்ப குடுக்க முடியாது, தங்கச்சி. அவங்க கேக்கணும், நீங்க குடுக்கணும். கேக்காதப்ப குடுத்தா அது கூலி. செய்யாத வேலைக்கு கூலி வாங்குவாங்களா?”

“திரும்பக் கேக்கச் சொல்லுங்களேன்.”

“சொல்லிக் கேக்குறதா அது?” என்றார். “ஒரு ஆளுக்கு ஒரு தடவதான்.”

ஆக, கொடுக்கக் கூடாதபோது கேட்டார்கள், கொடுக்கலாம் என்று துணிந்தபோது கேட்பார் இல்லை. மேடம் போய் நான் தங்கச்சி ஆனதுதான் அன்றைய வரவு.

சனிக்கிழமை கடைசி மூன்று மா. காலை ஏழு மணிக்கே போய்விட்டேன். இந்த முறை பை, படிவம், ரெக்கார்டர் எல்லாவற்றையும் மோட்டார் கொட்டகையில் வைத்துவிட்டேன். ஐம்பது ரூபாய் நோட்டு ஒன்றை மட்டும் கைக்குள் மடித்து வைத்துக்கொண்டு, புதன்கிழமை நின்ற அதே இடத்தில் வரப்பில் நின்றேன். யாராவது முடியைத் தூக்கிக்கொண்டு வருவார்களா என்று பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. கயிறு கட்டி வரிசை பிடித்து மளமளவென்று பின்னோக்கி நட்டுக்கொண்டே போனார்கள். அரை மணி நேரம் நின்றேன். கைக்குள் நோட்டு வியர்வையில் நனைந்துவிட்டது.

சுபோல் தண்ணீர் குடிக்க வரப்பில் ஏறினார். என் காலுக்குப் பக்கத்தில் வரப்போரம் நாற்று முடிகள் குவிந்து கிடந்தன. அடுத்து நான் செய்ததை யோசித்துச் செய்ததாகச் சொன்னால் பொய். ஒரு முடியை எடுத்தேன். சுபோலுக்கு முன்னால் போய், அவர் காலடியில் வரப்பில் வைத்தேன். கைகூப்பினேன்.

“காசு, அண்ணே” என்றேன். அவர் என்னைவிடச் சின்னவர், இருந்தாலும் அப்படித்தான் வாயில் வந்தது.

வயலில் கைகள் நின்றன. சுபோல் முடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தார். வலது கையை லுங்கியில் இரண்டு பக்கமும் துடைத்தார். இடுப்பில் செருகியிருந்த பிளாஸ்டிக் கவரைப் பிரித்து, செல்போனுக்கு அடியிலிருந்து ஒரு பத்து ரூபாய் நோட்டை உருவினார். ஒரு அடி முன்னால் வந்து, என் உள்ளங்கையில் வைத்தார்.

வயலில் எழுந்த சத்தத்தில் ஆரோக்கியராஜ் கொட்டகையிலிருந்து ஓடி வந்துவிட்டார், பாம்பு ஏதும் வந்துவிட்டதோ என்று. பத்துப் பேரும் சிரிக்கிறார்கள், சேற்றில் தட்டுகிறார்கள், வங்காளத்தில் கத்துகிறார்கள். நானும் சிரித்துக்கொண்டே அழுதேன். வரப்பில் உட்கார்ந்தால் சேலை போய்விடும் என்று கூட யோசிக்கவில்லை.

சுபோல் பக்கத்தில் உட்கார்ந்தார். “நானும் தப்பு பண்ணினேன், அக்கா” என்றார். மறுபடி அக்கா. “மொத வருசம் இந்த வரப்புல வர்றேன். இந்த ஊரு அம்மாங்க நாத்து வச்சாங்க. எனக்கு தமிழ் ஒண்ணும் தெரியாது. வேல குடுக்குறாங்கன்னு நெனச்சேன். முடிய எடுத்துக்கிட்டு எறங்கி நட்டுட்டேன். எல்லாம் ஒரே சிரிப்பு. அன்னைக்கி சாப்பாடு அவங்கதான் குடுத்தாங்க.” இப்போது அந்தப் பெண்கள் நடவுக்கு வருவதில்லை. இவர்கள் வருகிறார்கள். வயலுக்குப் புதிதாக யார் வந்தாலும் நாற்று வைக்க வேண்டும் என்று ஆரோக்கியராஜ்கூடச் சொல்லித்தரவில்லை, இவர்களாகவே எடுத்துக்கொண்டார்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொட்டகையில் பதினொரு பேரும் பேசினார்கள். ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு பேர் போட மாட்டோம், ஆனால் பேசுவோம் என்றார்கள். நான் அவர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை. ஐம்பது ரூபாய் நனைந்தபடியே என்னிடம் இருந்தது. பங்கேற்பாளர் ஆய்வாளருக்குப் பணம் கொடுத்தால் என்ன செய்வது என்று விதிகளில் தேடிப் பார்த்தேன், அப்படி ஒரு பிரிவே இல்லை. நெறியாளருக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். ‘நெறிமுறைக் குழுவில் வைத்துப் பேசிவிட்டுச் சொல்கிறேன்’ என்று பதில் வந்து மூன்று வாரம் ஆகிறது. ஒன்பது பேட்டியும் செல்லுமா, ஒன்றுகூடச் செல்லாதா, இதை எழுதும் இந்த நிமிஷம் வரை எனக்குத் தெரியாது.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். நடவு பார்க்கப் புரட்டாசி, ஐப்பசி நல்ல காலம், ஆனால் குடை இல்லாமல் போகாதீர்கள். தஞ்சாவூருக்குப் போகாமல் கும்பகோணத்தில் இறங்குங்கள். என் மொத்தச் செலவு, தங்குமிடம், போக்குவரத்து, சாப்பாடு, வீணாய்ப்போன ரசகுல்லா எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்துக்குள் முடிந்தது. ஆட்டோவுக்குக் குடவாசலில் திரும்பி வரும் நேரத்தையும் சொல்லிப் பேசி வையுங்கள், ஊரில் இருந்து வண்டி கிடைக்காது. வயலுக்குப் போகும்போது செருப்பைக் கரையிலேயே விடுங்கள். பத்து, இருபது ரூபாய் நோட்டுகளைப் பையின் அடியில் போடாமல் எட்டுகிற இடத்தில் வைத்திருங்கள். யாராவது காலடியில் நாற்று வைத்தால் நின்று, அவர்கள் முகத்தைப் பார்த்து, கையில் கொடுங்கள். ஆய்வுக்குப் போகிறவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டுக்கு வந்ததும் அந்தப் பத்து ரூபாயை அம்மாவிடம் நீட்டி, நடந்ததைச் சொன்னேன். நோட்டின் ஓரத்தில் சேறு காய்ந்திருந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டை முன்னும் பின்னும் பார்த்தார். ஒன்பது கையெழுத்துப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“வரப்புல வச்சானா, கையில குடுத்தானா?”

“கையிலதாம்மா. கையத் தொடச்சுட்டுக் குடுத்தாரு.”

அம்மா தலையை ஆட்டினார். ஆய்வேட்டில் இணைக்க அதைப் படம் எடுக்க வேண்டும் என்று சொல்லி வாங்கக் கையை நீட்டினேன். அதற்குள் அவர் நோட்டை நான்காக மடித்துத் தன் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து மூடிவிட்டார்.